பதினாறு ஜெர்சியும் ஒரு வாளியும்

ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீ எப்படி இருக்கிறாய்? இருமல் விட்டதா?

கல்லூரி விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. நான்கு பேருக்கு ஓர் அறை. ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, காற்றடித்தால் தானே திறந்து தானே அடித்துக்கொள்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்ததால் படிப்பு, சாப்பாடு, படுக்கை எல்லாம் இலவசம்தான். ஆனால் வருடா வருடம் 'இவன் அணியில் ஆடுகிறான்' என்று கோச் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கோச்சுக்கு இங்கே விசில் என்று பெயர். சாப்பிடும்போதுதான் அது வாயிலிருந்து இறங்குகிறது. கேப்டன் பெயர் கொம்பன், தலையால் முட்டியே கோல் போடுகிறவன். கோல்கீப்பர் கோந்து என் அறைக்காரன். பந்து அவன் கையில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் மேட்சை 2-1 என்று ஜெயித்தோம். அந்த ஒரு கோல் நான் தாரை வார்த்தது. கோந்துவிடம் தட்டிவிட்ட பந்து பாதி வழியில் சேற்றில் நின்றுவிட்டது. எதிராளி ஓடிவந்து நன்றி சொல்லாத குறையாக உள்ளே தள்ளினான்.

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. மேட்ச் முடிந்ததும் உடை மாற்றும் அறையில் விசில், "இன்னைக்கு யாருப்பா?" என்பார். யார் சொதப்பினானோ அவனைப் பார்த்து எல்லோரும் கை நீட்டுவார்கள். அவன்தான் பதினாறு ஜெர்சியையும் கையால் துவைக்க வேண்டும். இருப்பது ஒரே செட்டு, அதுவும் வெள்ளை. சிவப்பு ஸ்டாக்கிங்ஸ் மட்டும் அவரவர் பாடு. என்னை நோக்கிப் பதினைந்து கை நீண்டது. சிரித்துக்கொண்டேதான் நீட்டினார்கள், நானும் சிரித்தேன்.

அக்கா, புல் கறை எப்படிப் போகும்? சோப்பைத் தேய்த்துத் தேய்த்து என் தோள் கழன்றதுதான் மிச்சம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி


ஜூலை 27

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். இருமல் போன இடம் தெரியவில்லை. பேனா தீர்ந்துவிட்டது, அதனால் பென்சில்.

வீட்டை விட்டுப் போய் எழுதுகிற முதல் கடிதத்திலேயே துணி துவைக்கிற கேள்வியா? நல்லா இருக்குடா கதை. அம்மா போனதிலிருந்து இந்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். மேலே வார்டிலிருந்து வண்டி வண்டியாக விரிப்பு இறங்குகிறது. ரத்தமும் சீழும் ஆனதை நாங்கள் கையால் ஊற வைத்துக் கசக்கிய பிறகுதான் மெஷினுக்கே போடுவார்கள். இதையெல்லாம் நான் செய்வது நீ வாளிப் பக்கமே போகக் கூடாது என்றுதான். சரி, தப்பு உன்னுடையது, துவை. அதில் நியாயம் இருக்கிறது.

புல் கறைக்கு எடுத்த எடுப்பில் சோப்பு போடாதே, பச்சை பிடித்துக்கொள்ளும். விடுதிச் சமையலறையில் வினிகர் கேள். கறைமேல் தடவி அரை மணி விடு. பிறகு பச்சைத்தண்ணீரில் அலசிவிட்டுச் சோப்புக்கு வா. கடைசி அலசலில் ஒரு சொட்டு நீலம். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டு. நிழலில் காயப்போடாதே.

இங்கே துணி தேய்க்கிற இஸ்திரி அக்கா உன்னைக் கேட்டாள். "உன் தம்பி கோல் போடுறவனா, வாங்குறவனா?" என்றாள். தடுக்கிறவன் என்றேன். "அப்ப அடி படுறவன்னு சொல்லு" என்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

உன் வைத்தியம் பலித்தது. ஜெர்சிகள் கடையில் வாங்கியது போல் ஆகிவிட்டன. விசில் ஒன்றைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, விசிலை வாயிலிருந்து எடுத்து, "யாருடா இது பண்ணது?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த வெள்ளையோடு போய் இரண்டாவது மேட்சில் மூன்று கோல் அடித்தோம், ஒன்றும் வாங்கவில்லை. அடுத்ததும் ஜெயித்தோம். என் பக்கத்தில் ஒருவனும் நுழையவில்லை. கொம்பன் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

ரத்தக் கறைக்கு என்ன செய்வது? கோந்துவின் மூக்கில் ஒருத்தன் முழங்கையால் இடித்துவிட்டான். மூக்கு நன்றாக இருக்கிறது. ஜெர்சிதான் பாவம்.

தம்பி


ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இங்கே சோப்புத்தூளை மாற்றியிருக்கிறார்கள், மலிவுச் சரக்கு. அறை முழுக்க நெடி. மற்றபடி குறை ஒன்றுமில்லை.

ரத்தத்துக்கு வெந்நீர் ஆகவே ஆகாது. வெந்நீர் பட்டால் கறை வேகும், வெந்தால் லேசில் போகாது. பச்சைத்தண்ணீரில் ஒரு கை உப்பு போட்டு ஊற வை. இங்கே புதிதாக வருகிற பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இதுதான்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டாவது மேட்சில் கோலே வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் பக்கத்தில் யாரும் நுழையவும் இல்லை என்கிறாய். அப்படியென்றால் யார் தப்பு? யார் துவைத்தது?

உன் அக்கா


செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை, கோபிக்காதே. நான் சுகம்தான். தூக்கம் மட்டும் போதவில்லை. வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன்.

இதுவரை ஒரு மேட்ச் டிரா, மற்றதெல்லாம் ஜெயம். இந்தக் கல்லூரிக்குக் கோப்பை வந்து பல வருடம் ஆகிறதாம். இப்போது கேன்டீன்காரர்கூட எங்களைப் பார்த்தால் டீயில் சர்க்கரை கூடப் போடுகிறார். விசில் எங்களைச் சனிக்கிழமை மேட்சுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சிக்கு இழுக்கிறார்.

துவைக்கிறதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது பெரிய விஷயமில்லை, முறை வைத்துச் செய்கிறோம். வியர்வையால் அக்குளில் மஞ்சள் ஏறுகிறதே, பிளீச்சிங் போட்டால் போகுமா?

தம்பி


அக்டோபர் 3

டேய் தம்பி,

நான் நலம். அதை விடு.

முறை வைத்துத் துவைக்கிறவன் அக்குள் மஞ்சளைப் பற்றிக் கேட்க மாட்டான். தன் முறை முடிந்தால் போதுமென்று பிழிந்து போட்டுவிட்டுப் போவான். அந்த மஞ்சள் ஒரே ஆள் வாரா வாரம் பார்த்தால்தான் கண்ணில் படும். யாரிடம் கதை விடுகிறாய்? நான் துணியைப் பார்த்தே வார்டு நம்பர் சொல்லுகிறவள்.

உள்ளதை உள்ளபடி எழுது. எழுதாவிட்டால் லீவு போட்டுவிட்டு விடுதி வாசலில் வந்து நிற்பேன். எனக்கு வெட்கம் கிடையாது, உனக்குத்தான் மானம் போகும்.

பிளீச்சிங் போட்டால் மஞ்சள் இன்னும் கூடும். சலவை சோடாவைக் குழைத்துத் தடவு. இதைச் சொல்லக்கூட எனக்கு எரிச்சலாக வருகிறது.

உன் அக்கா


அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிடாதே. எழுதுகிறேன்.

முதல் தடவை மட்டும்தான் என் தப்பு. இரண்டாவது மேட்சில் யாரும் சொதப்பவில்லை. விசில், "இன்னைக்கு யாருப்பா?" என்றதும் கொம்பன், "சார், போன தடவை சூப்பரா தொவைச்சானே, அவனே தொவைக்கட்டும்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் அதைப் பாராட்டு என்றுதான் நினைத்தேன், அக்கா. என் புத்தியை என்னவென்று சொல்வது?

அப்புறம் ஒரு மேட்சில் கோந்து சொதப்பினான். அவன் நியாயஸ்தன், "நான்தான் தொவைப்பேன்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் வெந்நீரில் முக்கிவிட்டான். ரத்தமும் சேறும் வெந்து ஜெர்சியெல்லாம் பழுப்பாகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு ஆடினதுதான் அந்த டிரா. அன்றோடு முடிந்தது. நான் துவைத்தால் ஜெயம், வேறு யார் துவைத்தாலும் ஆகாது என்று ஆகிவிட்டது. விசில்கூட நம்புகிறார். படித்த மனுஷன், உடற்கல்வியில் இரண்டு பட்டம்.

பதினாறு ஜெர்சிக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆகிவிடுகிறது. அதனால் ஞாயிறு பயிற்சிக்குப் போக முடிவதில்லை. போன மாதம் விசில் என்னைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை பிராக்டிஸுக்கே வர்றதில்ல, உன்னை எப்படிப்பா எறக்குறது?" என்றார். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. இப்போது மூன்று மேட்சாக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என் இடத்தில் என்னைப் போலவே முதல் வருடப் பையன் ஒருத்தன் ஆடுகிறான். நான் போட்டிருந்த மூன்றாம் நம்பர், நான் துவைத்தது, அவன் முதுகில் பளபளக்கிறது.

மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் கையெழுத்து? ஆடவும் இல்லை, துவைக்கவும் இல்லை என்றால் என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

இங்கே எனக்குப் பெயர் வாளி. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் சுற்றி வளைத்தேன்.

நீ எப்படி இருக்கிறாய்?

தம்பி


நவம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

இஸ்திரி அக்கா எழுதுகிறேன். உன் அக்கா சொல்லச் சொல்ல எழுதுவதால் கோணல்மாணலாக இருக்கும். அவளுக்குக் கையில் வேலையாம்.

அவள் சொல்வது: நான் நலம். உன் கடிதத்தைப் படித்து மூன்று வாரமாயிற்று. என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் இருந்துவிட்டேன். உன் மேல் கோபமில்லை. என் வாய்மேல்தான் கோபம். நான் சொல்லிக்கொடுத்த வேலைதான் உன்னைக் குழாயடியில் உட்கார வைத்துவிட்டது. வேறு ஒரு அக்காவாக இருந்தால், "எனக்கென்னடா தெரியும்" என்று விட்டிருப்பாள். நீயும் அந்தக் கோந்து மாதிரி ஒரு தடவை கெடுத்துவிட்டுத் தப்பித்திருப்பாய்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒரு சிவப்பு ஸ்டாக்கிங்ஸை எடு. வெள்ளையோடு சேர்த்து வெந்நீரில் போடு. பதினாறும் ரோஜா நிறமாகிவிடும். அதற்குப் பிறகு ஜென்மத்துக்கும் உன் கையில் ஒரு கைக்குட்டைகூடத் தர மாட்டார்கள். இங்கே ஒரு பெண் அப்படித்தான் பெரிய டாக்டரின் வெள்ளைக் கோட்டைச் சாயமாக்கினாள். மறுநாளே அவளை மடிக்கிற பக்கம் தூக்கிப் போட்டார்கள். தண்ணீரே படாத வேலை. இப்போது உட்கார்ந்து மடிக்கிறாள், மகராசி. நானும் அப்படிச் செய்திருக்கலாம். கை வரவில்லை. நீயாவது செய்.

அவ்வளவுதான் சொன்னாள். கீழே நானாக எழுதுவது: எழுதாதே என்று அவள் சொன்ன ஒன்றை நான் எழுதவில்லை. நீயே கேட்டுக்கொள், தம்பி.

இஸ்திரி அக்கா


நவம்பர் 17

அக்கா,

அரையிறுதியை ஜெயித்துவிட்டோம். நான் பெஞ்சில் இருந்தேன். இறுதி ஆட்டம் இருபத்தொன்பதாம் தேதி.

இந்தக் கடிதத்தைப் பென்சிலில் எழுதுகிறேன். என் பேனா தீரவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது, பேனாவை இறுக்கிப் பிடித்தால் உயிர் போகிறது. கோந்து ஒரு மொட்டைப் பென்சில் கொடுத்தான். இதை அழுத்த வேண்டாம், லேசாகப் பிடித்தால் போதும். இரண்டு வரி எழுதினதும்தான் எனக்கு உறைத்தது. எழுத்து உன் எழுத்து மாதிரியே பெரிது பெரிதாகக் கோணிக்கொண்டு வருகிறது.

ஜூலையில் பேனா தீர்ந்துவிட்டது என்றாய். இப்போது நவம்பர். ஒரு பேனா வாங்க முடியாதா உனக்கு?

உன் கையைப் பற்றி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தம்பி


நவம்பர் 23

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். கை கையாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் தோல் உரிந்தது, களிம்பு தடவுகிறேன், சரியாகிவிடும். இஸ்திரி அக்காவுக்கு வாய் நீளம்.

நீ உன் காலைப் பார். ஸ்டாக்கிங்ஸைப் போட்டாயா இல்லையா?

உன் அக்கா


டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கோப்பை எங்களுக்குத்தான். ஊரெல்லாம் ஒரே ஆட்டம்பாட்டம். நான் இரண்டு நாள் தூங்கினேன், எழுந்து சாப்பிட்டேன், மறுபடியும் தூங்கினேன். இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

அரையிறுதி முடிந்த மறுநாளே வாளியில் வெந்நீர் எடுத்து, சிவப்பு ஸ்டாக்கிங்ஸையும் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன். போட முடியவில்லை. அத்தனை வாரம் வெளுத்த துணி. உன் தம்பிதானே நான், எனக்கும் கை வரவில்லை. வெந்நீரை எடுத்துக் குளித்துவிட்டு, பயிற்சிக்குப் போனேன். விசில் என்னை ஏற இறங்கப் பார்த்தார், "தொவைச்சாச்சா?" என்று கேட்டார். நான் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டு களத்துக்குள் ஓடினேன். அடுத்த வாரமும் போனேன். உன் கடிதம் வந்த அன்று, 'கை கையாகத்தான் இருக்கிறது' என்பதைப் படித்துவிட்டு, அந்த மூட்டையை அவிழ்ப்பதே இல்லை என்று முடிவு செய்தேன்.

இறுதி ஆட்டத்தன்று உடை மாற்றும் அறையில் மூட்டையைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். கொம்பன்தான் பிரித்தான். அரையிறுதிச் சேறு காய்ந்து அட்டை மாதிரி நின்றது. நாற்றம் அறையைத் தூக்கிற்று.

"என்னடா இது?"

"தொவைக்கல."

"தொவைக்கலயா? வாளி, இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நான் இங்க ஆட வந்தவன். என் தப்புக்கு நான் தொவைச்சேன். உங்க ஜெயத்துக்கெல்லாம் நான் தொவைக்க முடியாது. என் கையைப் பாரு."

கையை விரித்துக் காட்டினேன். என் குரல் நடுங்கியது, அக்கா. சூரத்தனமாக ஒன்றும் இல்லை. விசில் முகம் சிவந்து, "தோத்தோம்னா கையெழுத்து கிடையாது, பெட்டியைக் கட்டிக்கோ" என்றார். சரி சார் என்றேன். வேறு செட்டு இல்லையே, மூக்கைப் பொத்திக்கொண்டு அதையே மாட்டிக்கொண்டார்கள்.

பத்து நிமிடத்தில் கோல் வாங்கினோம். கொம்பன் நடுக்களத்தில் பந்தைத் தொலைத்தான். பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். எனக்கு மனதுக்குள் பெட்டி கட்டியாகிவிட்டது. உன்னிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

இடைவேளைக்குப் பிறகு முதல் வருடப் பையனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. விசில் பெஞ்சை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். இடது பக்கத்துக்கு வேறு ஆளில்லை. "போ" என்றார். பையனின் மூன்றாம் நம்பரைக் கழற்றி மாட்டிக்கொண்டேன். அவ்வளவு நாற்றத்திலும் அது என்னுடையது போலத்தான் இருந்தது.

நான் கோல் எதுவும் போடவில்லை. என் பக்கமாக ஒருத்தனும் போகவில்லை, அவ்வளவுதான். இரண்டு வாரம் குழாயடியில் குனியாத முதுகு, கால் லேசாக இருந்தது. கொம்பன் ஒன்று முட்டினான், கடைசியில் ஒரு கார்னரில் இன்னொன்றும் முட்டினான். 2-1. கோந்து ஓடிவந்து என் மேல் விழுந்து அழுதான். எனக்குச் சந்தோஷம் வரும் வரும் என்று பார்த்தேன், கொட்டாவிதான் வந்தது.

உள்ளே போனதும் விசில் பழக்கத்தில், "இன்னைக்கு யாருப்பா?" என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பந்தைத் தொலைத்துக் கோல் கொடுத்தவன் கொம்பன்தான். இரண்டு கோல் போட்டவனை யார் காட்டுவார்கள்? நான் கொம்பனைப் பார்த்துக் கை நீட்டினேன். ரொம்ப நேரம் என் கை மட்டும்தான் அங்கே நீண்டிருந்தது. பிறகு கோந்து நீட்டினான். பிறகு அந்த முதல் வருடப் பையன். பிறகு ஒவ்வொருவராக. கொம்பன் என்னை முறைத்தான், அப்புறம் மூட்டையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். மறுநாள் குழாயடியிலிருந்து ஆள் விட்டு, "ரத்தத்துக்கு வெந்நீரா, பச்சைத்தண்ணியா?" என்று கேட்டனுப்பினான். பச்சைத்தண்ணி என்று சொல்லியனுப்பினேன்.

கையெழுத்து ஆகிவிட்டது. விசில் என் முகத்தைப் பார்க்காமல் போட்டுக் கொடுத்தார். அடுத்த வருடம் இங்கேதான் இருப்பேன்.

பதினைந்தாம் தேதி விடுமுறை, வீட்டுக்கு வருகிறேன். என் கை ஆறிவிட்டது. நான் வருகிறவரை நீ ஒரு துணியையும் ஊற வைக்காதே. உன் புடவை, போர்வை, வீட்டில் இருக்கிற அழுக்கு மொத்தமும் எனக்கு. பதினாறு பேருக்குத் துவைத்தேன், அதில் ஒருத்தர்கூட நீ இல்லை.

கை எப்படி இருக்கிறது? இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்.

தம்பி


டிசம்பர் 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாக இல்லை.

வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. தண்ணீரில் கை வைக்காதே என்று தோல் டாக்டர் ஜூனிலேயே சொல்லிவிட்டார், நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்த வாரம். நீ போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவாய் என்று வாயை மூடிக்கொண்டேன். மடிக்கிற பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறார்கள். நாளைக்கு நானும் போய்க் கையை விரித்துக் காட்டப் போகிறேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். வலிக்கிறதுடா. இரண்டு வரிக்கு ஒரு தரம் பென்சிலை வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை இஸ்திரி அக்கா சலவைக்கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள். அந்தக் கை நீட்டுகிற இடம் வந்ததும் எல்லோரும் வேலையை விட்டுவிட்டார்கள்.

வா. இரண்டு வாரத் துணி கிடக்கிறது. பெரிய போர்வையும் உண்டு. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். கறை தெரிந்தால் திரும்பவும் ஊற வைக்கச் சொல்வேன், உறவெல்லாம் பார்க்க மாட்டேன்.

வரும்போது சோப்பு வாங்கிக்கொண்டு வா.

உன் அக்கா